கழித்தல் மட்டுமே உள்ள கணக்கு

2025 நவம்பர் 1, கேரளம் உருவான நாள். அன்று திருவனந்தபுரத்தில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டமாகக் கூடியது. கடும் வறுமை இல்லாத மாநிலமாகக் கேரளம் ஆகிவிட்டது, இந்தியாவில் இந்த நிலையை எட்டிய முதல் மாநிலம் இதுவே என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அவையில் அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவரான காங்கிரஸின் வி. டி. சதீசன் இது மோசடி என்று சொல்லித் தம் அணியோடு வெளியேறினார். தலைமைச் செயலகத்தின் முன்பு பிப்ரவரி மாதத்திலிருந்து இரவும் பகலும் உட்கார்ந்திருந்த ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் அந்தத் தொடர் போராட்டத்தை முடித்துக்கொண்டதும் அதே நாளில்தான்.

வரலாற்றுச் சாதனை என்று ஒரு தரப்பும் பச்சைப் பொய் என்று மறு தரப்பும் அன்று பேசியதே இன்றுவரை விவாதமாக நீடிக்கிறது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்த திட்டத்தில் வேலை நடந்த விதத்தைப் பார்த்த யாரும் அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. அந்த வேலையின் கணக்கை வரிவரியாகப் படித்தவர், கடும் வறுமை தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஆகவே திட்டத்தையும் அறிவிப்பையும் பிரித்து நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

முதலில் திட்டம். 2021 மே மாதம் இரண்டாம் முறை பொறுப்பேற்ற பினராயி அமைச்சரவையின் தொடக்க முடிவுகளில் ஒன்று, மாநிலத்தில் கடும் வறுமையில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து மீட்பது. வேலை உள்ளாட்சித் துறையிடம் போனது. 941 கிராம ஊராட்சிகள், 87 நகராட்சிகள், 6 மாநகராட்சிகள் ஆகியவற்றின் வார்டுகளில் மக்கள் குழுக்கள் அமைந்தன. வார்டு உறுப்பினர், குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள், ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஆசிரியை, ஊர்க்காரர்கள் என்று ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். வருமான வரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு கணினியில் பெயர்களைச் சலித்தெடுக்கவில்லை. நம் வார்டில் மூன்று வேளையும் சாப்பிட வழியில்லாதவர் யார், மருந்து வாங்க முடியாமல் கிடப்பவர் யார், படுக்க இடமில்லாதவர் யார், கையில் காசு வர எந்த வழியும் இல்லாதவர் யார் என்று கேட்டார்கள். உணவு, உடல்நலம், உறைவிடம், வருமானம் என்ற நான்கு இல்லாமைகளும்தான் அளவுகோல்.

முதலில் வந்த பெயர்கள் 1,18,309 குடும்பங்கள். சரிபார்த்தபோது 87,158 ஆனது. வீட்டுக்கே போய்க் கைப்பேசிச் செயலியில் விவரம் பதிந்தபின் 73,747 ஆனது. பட்டியலைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற்றபோது 64,006 குடும்பங்கள், 1,03,099 பேர் என்று முடிந்தது. இந்தச் சுருக்கத்தில் தகுதியுள்ள சிலர் விடுபட்டிருப்பார்கள். எந்தப் பட்டியலிலும் அது நடக்கும். ஆனால் பெயர்கள் எங்கிருந்து வந்தன, எங்கே ஒப்புதல் பெற்றன என்பது முக்கியம். அதிகாரி எழுதிய பட்டியல் ஊருக்கு வரவில்லை. ஊர் எழுதிய பட்டியலை அதிகாரி சரிபார்த்தார்.

1,03,099 பேர் என்பது மூன்றரைக் கோடி மக்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தைத் தேட இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் கேரளத்தின் வறியோர் விகிதம் 0.55 விழுக்காடுதான். அந்தக் கணக்கு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து எடுத்தது. அந்த ஆய்வு சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கதவைத் தட்டுகிறது. தட்டுவதற்குக் கதவே இல்லாத மனிதர் அதில் வரமாட்டார். கடைத்திண்ணையில் படுப்பவர், உறவினர் வீட்டின் விறகுப்புரையில் ஒதுங்கியவர், மனநலம் குன்றி ஊருக்குள் அலைபவர் ஆகிய யாரையும் மாதிரி ஆய்வு கண்டுகொள்ளாது. ரேஷன் அட்டைக் கணக்கும் அப்படியே. அட்டை இல்லாதவர் அட்டைக் கணக்கில் எப்படி வருவார்?

இந்தத் திட்டம் வெளியிட்ட எண்களில் என்னை மிகவும் உலுக்கியது ஒன்று உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, ஓய்வூதியப் பதிவு போன்ற அடிப்படை ஆவணங்களைப் புதிதாகப் பெற்றவர்கள் 21,263 பேர். பட்டியலில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர்! எழுத்தறிவுக்கும் பொது விநியோகத்துக்கும் பெயர்பெற்ற மாநிலத்தில், 2022இல், இருபதாயிரம் பேருக்கு அரசு கேட்கும் அடையாளங்களில் ஏதோ ஒன்று இல்லாமல் இருந்திருக்கிறது.

ஒரு மனிதரை எண்ணிக்கொள்ளுங்கள். வயது எழுபதைத் தாண்டியவர். சுமை தூக்கிப் பிழைத்தவர். பல ஆண்டுகளுக்கு முன் வேறு ஊராட்சியிலிருந்து வந்தவர். பழைய ரேஷன் அட்டையில் பெயர் இருந்த அண்ணன் இறந்துவிட்டார். கைரேகை தேய்ந்துபோனதால் ஆதார் எடுக்கும் இயந்திரம் அவரை ஏற்கவில்லை. ஆதார் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் முதியோர் ஓய்வூதியம் இல்லை. முகவரி இல்லாததால் ரேஷன் அட்டையும் இல்லை, இலவச மருத்துவக் காப்பீடும் இல்லை. அவருக்கென்று எல்லாத் திட்டங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் இன்னொன்றின் சான்று கேட்கிறார்கள். இந்தச் சங்கிலியை அவரால் தனியாக அறுக்க முடியாது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூடவே போய், ஆதார் மையத்தில் கண் கருவிழிப் பதிவுக்கு ஏற்பாடு செய்து, முகவரிச் சான்றில் வார்டு உறுப்பினரின் கையெழுத்து வாங்கி, வங்கிக்கு அழைத்துப்போக வேண்டும். ஒரு நாள் வேலையல்ல இது. நலத்திட்ட அரசியலில் யாரும் மேடையில் பேசாத வேலையும் இதுதான்.

அந்த வேலைக்கு ஒரு வடிவம் கொடுத்ததுதான் இந்தத் திட்டத்தின் மெய்யான புதுமை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு நுண்திட்டம் எழுதினார்கள். உடனே செய்ய வேண்டியது, சில மாதங்களில் முடிக்க வேண்டியது, நீண்ட காலத்தில் ஆக வேண்டியது என்று அது பிரிந்திருக்கும். சோறும் மருந்தும் உடனடிக் கட்டத்தில். வீடும் நிலமும் கடைசியில். நாடு முழுதும் ஒரே அளவில் தைத்த சட்டையை எல்லாருக்கும் மாட்டும் வழக்கத்திலிருந்து இது அடியோடு வேறுபட்டது. நடக்க முடியாதவருக்குத் தொழிற்பயிற்சி வகுப்பு எதற்கு? அவருக்கு வேண்டியது வாசலுக்கு வரும் சோறு. அரசு தந்த கணக்கின்படி 20,648 குடும்பங்களுக்கு அன்றாட உணவு உறுதியானது; அவற்றில் 2,210 குடும்பங்களுக்குச் சமைத்த சூடான உணவே போகிறது. எண்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சையும் மருந்தும் கிடைத்தன. 3,913 குடும்பங்களுக்கு வீடு, 1,338 குடும்பங்களுக்கு நிலம், 5,651 குடும்பங்களுக்கு வீட்டைச் செப்பனிட உதவி, 4,394 குடும்பங்களுக்கு வருமானத்துக்கு ஒரு வழி. இவற்றைப் பொய் என்று ஒதுக்குபவர், இந்த உதவி போய்ச் சேர்ந்த மனிதர்களையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

இது நான்கு ஆண்டில் முளைத்ததும் அல்ல. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கைக்குப் போனது. 1998 மே மாதம் மலப்புறத்தில் குடும்பஸ்ரீ தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம் அடித்தளம், அதன்மேல் வார்டு அமைப்பு, அதன்மேல் ஊராட்சி அமைப்பு. 2002இல் ஆதரவற்றோருக்கான ஆஷ்ரயா திட்டம் அந்த அமைப்பின் தோளில் ஏறி வந்தது. பிறகு அகதிரகித கேரளம் என்று அதையே விரித்தார்கள். ஆக ஊருக்குள் மிகவும் நலிந்தவரைத் தேடிப் பட்டியல் எடுப்பது கேரளத்தில் கால் நூற்றாண்டாகப் பழகிய கை. அதில் இடதுசாரிகளுக்கும் பங்குண்டு, காங்கிரஸ் அணிக்கும் பங்குண்டு; ஆஷ்ரயா தொடங்கியபோது ஆட்சியில் இருந்தது ஏ. கே. அந்தோணி. அந்த அணியே இன்று முழுவதையும் மோசடி என்பது தன் கைவேலையைத் தானே மறுப்பதாகும்.

இங்கேயே அறிவிப்பின் முதல் பலவீனமும் தெரிகிறது. 2002இல் ஒரு பட்டியல் எடுத்தார்கள், பிறகு மீண்டும் எடுத்தார்கள், 2021இல் மூன்றாவது முறையாக எடுக்க வேண்டியிருந்தது. முந்தைய பட்டியல்கள் தோற்றுவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. புதிதாக விழுந்தவர்கள் இருந்தார்கள். குடும்பத்தைத் தாங்கியவருக்குப் பக்கவாதம் வருகிறது, சிறுநீரகம் பழுதாகிறது, கணவன் விட்டுப்போகிறான், மகன் கடனில் மூழ்குகிறான். நேற்றுவரை எப்படியோ ஓடிய வீடு இன்று பட்டியலுக்குத் தகுதி பெறுகிறது. தலைக்கு இவ்வளவு என்று சொந்தப் பணத்தை மருத்துவத்துக்குச் செலவிடுவதில் இந்திய மாநிலங்களின் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் கேரளம். அங்கே நோய்தான் வறுமையின் பெரிய வாசல். அந்த வாசலை யாரும் மூடவில்லை.

அரசின் இறுதிக் கணக்கு இதற்கு நேர் எதிராகப் போகிறது. 64,006 குடும்பங்களில் 4,421 தனியாள் குடும்பங்களில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். நாடோடிகளான 261 குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இருமுறை பதிவானவை. இவற்றைக் கழித்தால் 59,277 குடும்பங்கள். அவை அனைத்தும் மீட்கப்பட்டன, ஆகவே கடும் வறுமை முடிந்தது. நானும் காகிதத்தில் கழித்துப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் கழித்தல் மட்டும்தான் இருக்கிறது. 2022க்கும் 2025க்கும் இடையில் புதிதாகச் சேர்ந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. மூன்றரைக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் மூன்று ஆண்டுகளில் ஒரு குடும்பமும் கடும் வறுமையில் விழவில்லை என்று யார் நம்புவது? 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. ஒரே இரவில் வீடும் நிலமும் வேலையும் வீட்டாரும் போன குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களுக்குத் தனி மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது என்பது சரியான பதில்தான். பேரிடர் என்று பெயர் வாங்காமல் தனித்தனியாக விழுந்த குடும்பங்களுக்கு அந்தப் பதிலும் கிடையாது.

இறந்துபோன 4,421 பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் ஒற்றை ஆள் குடும்பங்கள். அவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அறிவிப்பு வருவதற்குள் இறந்துவிட்டார். இது யார்மேலும் குற்றம் சாட்டும் எண் அல்ல. முதுமையும் நோயும் அந்தப் பட்டியலில் நிறைந்திருந்தன. ஆனால் இந்தத் திட்டம் உண்மையில் எதைக் கையாண்டது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. தனியாக இருக்கும் முதியவருக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், மனநலம் குன்றியவருக்கும் வறுமை என்பது ஏறிக் கடந்துவிடும் படி அல்ல. தினமும் சோறு வர வேண்டும், மாதந்தோறும் பணம் வர வேண்டும், வாரம் ஒருமுறை செவிலியர் வர வேண்டும். நின்ற அன்றே பழைய நிலை திரும்பிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை முடிந்த காரியம் என்று அறிவிப்பது பொருந்தாது. வருமான வழி கிடைத்த குடும்பங்கள் நாலாயிரத்துச் சொச்சம் மட்டுமே என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பான்மையான குடும்பங்கள் பிறர் கையைப் பிடித்தே நிற்கின்றன. அப்படி நிற்பதில் இழிவு ஒன்றுமில்லை. பிடித்த கை விலகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கை ஏற்கனவே சிலமுறை விலகியிருக்கிறது. இந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்த 2023-24 காலத்தில்தான் கேரளத்தில் சமூகநல ஓய்வூதியம் பல மாதங்கள் பாக்கியானது. 2023 நவம்பரில் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் ஓய்வூதியம் வரவில்லை என்று தெருவில் இறங்கிப் பிச்சையெடுத்துப் போராடினார்கள். குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திய ஜனகீய ஓட்டல்களில் ஒரு சாப்பாட்டுக்கு அரசு கொடுத்துவந்த 10 ரூபாய் மானியம் 2023 ஆகஸ்டில் நின்றது. 20 ரூபாய்ச் சாப்பாடு 30 ரூபாய் ஆனது. மாநிலத்தின் கடன் வரம்பை ஒன்றிய அரசு வெட்டியது பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. கேரளம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கே போனது. காரணம் யாருடையதாக இருந்தாலும் விளைவு அடிமாலித் தெருவில்தான் விழுந்தது. 1,600 ரூபாயாக இருந்த ஓய்வூதியத்தை அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு 2,000 ஆக உயர்த்தினார்கள். நல்லது. அது மாதந்தோறும் தவறாமல் வருமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த முதியவர்கள் வறுமைக்கு வெளியே இருப்பார்கள்.

ஆஷா பணியாளர்களின் கதையும் இதே இடத்தில் வந்து சேர்கிறது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று வார்டில் முதலில் அறிபவர்கள் அவர்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் தெருவில் உட்கார்ந்தார்கள். கிடைத்தது 1,000 ரூபாய் உயர்வு. ஏழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பெண்ணுக்கே வாழும் கூலி தராத ஏற்பாடு எத்தனை நாள் ஓடும்? குடும்பஸ்ரீ பெண்களின் உழைப்பிலும் பெரும்பகுதி சம்பளம் இல்லாதது. இந்தத் திட்டத்தின் சிறப்பு அக்கம்பக்கத்தாரின் கண்தான் என்றால், அந்தக் கண்ணுக்கு உரிய விலையை அரசு இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்து, எதிர்த்தரப்பின் வலுவான வாதம். கேரளத்தில் அந்த்யோதயா மஞ்சள் அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏறத்தாழ ஆறு லட்சம். ஏழைகளிலும் ஏழைகளுக்கு என்று 2000இல் வந்த திட்டம் அது. ஆறு லட்சம் எப்படி அறுபத்து நாலாயிரம் ஆயிற்று என்று மாநிலத்தின் மூத்த பொருளியல் அறிஞர்கள் சிலர் பொதுக் கடிதமாகவே கேட்டார்கள். எந்த அளவுகோல், எந்த ஆய்வு, தரவு எங்கே என்றும் கேட்டார்கள். மஞ்சள் அட்டைக்காரர்கள் ஏற்கனவே உதவி பெறுபவர்கள், நாங்கள் தேடியது எந்த உதவியும் எட்டாதவர்களை என்று அரசு பதில் சொன்னது. இந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் அறிவிப்பின் வாசகம் மாற வேண்டும். அரசின் கை எட்டாதிருந்த 59,277 குடும்பங்களுக்குக் கையை எட்டச் செய்தோம் என்று சொல்லியிருந்தால் அது முழு உண்மை; இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் சொல்ல முடியாத உண்மையும்கூட. கடும் வறுமையே இல்லை என்று சொன்னதும், கை எட்டியும் வறுமையிலேயே இருக்கும் குடும்பங்கள் எல்லாம் கணக்கிலிருந்து மறைந்துபோயின.

அப்படி மறைந்தவர்களில் தமிழ் வாசகர் நன்கறிந்த ஒரு கூட்டம் உண்டு. மூணாறிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் குடியிருக்கும் லயம் என்பது வெள்ளைக்காரர் காலத்து வரிசை வீடு: ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் குறுகிய திண்ணை, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை கையில் வரும் என்பதே பல தோட்டங்களின் நடைமுறை. முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டில் மூடிய தோட்டங்களின் லயங்களில், கூரை ஒழுக ஒழுக, இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பலர் கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ளவர்கள். இந்தக் குடும்பங்களுக்கு ரேஷன் அட்டை உண்டு, ஆதார் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. நான்கு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பதில் அவர்களிடம் இருக்கும். ஆனால் ஓய்வு பெறும் நாளன்று கடும் வறுமைக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது தோட்டத்துக் கதவு மட்டும்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்து மலையான அட்டப்பாடியிலும் இதே நிலைதான். 2013இல் அங்கே ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது குடும்பஸ்ரீ சமுதாய அடுக்களைகள் திறந்தது. நல்ல வேலை அது. ஐந்தாண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், அரிசி திருடினார் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கும்பல் அடித்துக் கொன்றது. இருளர் ஊரில் மஞ்சள் அட்டை இருக்கும், ஏட்டின்படி வீடு என்று ஒன்றும் இருக்கும். பறிபோன நிலம் இருக்காது. அதைக் கேட்கும் கட்டம் எந்த நுண்திட்டத்திலும் எழுதப்படவில்லை, ஏனென்றால் நிலத்தைத் திரும்பக் கொடுப்பது ஊராட்சியின் கையில் இல்லை. ஆதிவாசி அமைப்புகள் அறிவிப்பை எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. அக்கம்பக்கத்தார் எழுதும் பட்டியலில் அக்கம்பக்கத்தார் யாரை அக்கம்பக்கம் என்று கருதுகிறார்களோ அவர்கள்தான் வருவார்கள். தொலைந்துபோன 261 நாடோடிக் குடும்பங்களும் அந்த எல்லையில்தான் தொலைந்தன.

உலகில் இதே போன்ற அறிவிப்பைச் செய்த இன்னொரு இடம் சீனா. 2013இல் ஹுனான் மாகாணத்து ஷிபாடோங் கிராமத்தில் ஷி ஜின்பிங் முன்வைத்த குறிவைத்த வறுமை ஒழிப்பு, 2021 பிப்ரவரியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது: 9.899 கோடி மக்கள், 832 மாவட்டங்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கிராமங்களில் போய்த் தங்க வைத்தார்கள். அங்கே பட்டியலின் அளவு மேலிருந்து வந்தது. அதை எதிர்த்துக் கேட்க எதிர்க்கட்சி இல்லை. கிராம சபையில் படித்து ஒப்புதல் பெற்ற கேரளப் பட்டியலை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன். ஆனால் அறிவிப்புக்குப் பின் சீனா செய்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாண்டு இடைக்காலம் ஒன்றை அறிவித்து, மீண்டும் விழக்கூடிய குடும்பங்களைத் தனியாகப் பதிந்து தொடர்ந்து கண்காணித்தது. விழுவார்கள் என்பதை அது முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. கேரள அரசும் தொடர் கண்காணிப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறது. புதிய பெயர்களைச் சேர்க்க அதில் வழி இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

நம் பக்கத்தையும் பார்க்காமல் விட முடியாது. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு ‘முதல்வரின் தாயுமானவர்’ திட்டத்தை அறிவித்தது: மிகவும் வறிய 5 லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் மீட்பது. தனித்து வாழும் முதியோர், ஆதரவற்றோர், பெற்றோரை இழந்த குழந்தைகள் என்று யாரைத் தேட வேண்டும் என்பதைச் சரியாகவே சொன்னது. தேடப்போவது யார்? 2016இல் நின்றுபோன உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, பிறகு தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் இல்லாத ஊராட்சியில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? ஊரக வறுமை ஒழிப்புக்கான புது வாழ்வுத் திட்டக் காலத்தில் மக்கள் நிலை ஆய்வு என்ற பெயரில் ஊரே உட்கார்ந்து மிகவும் ஏழைகள் யார் என்று பட்டியல் எடுத்த பழக்கம் நமக்கும் இருந்தது. அந்தப் பழக்கத்தை வளர்க்காமல் விட்டோம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் என்ற பெயர் முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் திட்டத்துக்குப் போனது. பயனுள்ள திட்டம்தான். ஆனால் அது அட்டை உள்ளவருக்குப் போகிறது. கேரளம் அட்டையே இல்லாதவரையும் தேடியது. இந்த ஒரு வேறுபாட்டில் கேரளம் நமக்கு வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. வறியவரைத் தேடி, அவருக்கென்று திட்டம் எழுதி, கூடவே நடந்து நிறைவேற்றிய விதத்தில் கேரள உள்ளாட்சிகள் செய்தது இந்தியக் கிராம நிர்வாகத்தின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. அதன்மேல் ஒட்டிய அறிவிப்பு தவறு. சான்று அதைத் தாங்கவில்லை. சொல்லில் நின்றுபோகும் தவறும் அல்ல இது. இல்லை என்று அரசே அறிவித்த ஒன்றைத் தேடிப் போக எந்த ஊராட்சிச் செயலருக்கும் கட்டாயம் இருக்காது, அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எந்தக் கிராம சபையும் வற்புறுத்த முடியாது. நாளை புதிதாக விழும் குடும்பம், தான் இருப்பதையே முதலில் நிரூபிக்க வேண்டிவரும்.

அறிவிப்பு வந்து ஆறு வாரத்தில், 2025 டிசம்பர் 13 அன்று, உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வெளியாயின. இடதுசாரி அணி தோற்றது. மோசடி என்று சொன்ன, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி பெரும்பாலான கிராம ஊராட்சிகளைப் பிடித்தது. நுண்திட்டக் கோப்புகள் இப்போது அவர்களின் மேசையில் இருக்கின்றன. சூடான உணவு எந்த வீட்டுக்குப் போகிறது, யாருக்கு மருந்து தீரப்போகிறது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது. அவர்கள் அதை மூடி வைத்தால், எதிர்த்தது அறிவிப்பை அல்ல, அந்த மனிதர்களை என்று ஆகிவிடும். ஒவ்வொரு வார்டிலும் கிராம சபையைக் கூட்டி, லயத்துக்கும் ஆதிவாசி ஊருக்கும் நாடோடிகள் தங்கும் வெளிக்கும் ஆளனுப்பி, பட்டியலில் புதிய பெயர்களை எழுதத் தொடங்கினால் போதும்.